குழலை விடுங்கள், காலைப் பாருங்கள்

நண்பர் ஒருவர் போன வாரம் ஓர் அட்டைப் பெட்டியின் படத்தை அனுப்பியிருந்தார். பெட்டியின் மேல் வண்ண வண்ணமாக ஒரு நெபுலா (வாயுவும் தூசியும் சேர்ந்த விண்முகில்), பக்கத்தில் சனியின் வளையங்கள், கீழே கொட்டை எழுத்தில் “525 மடங்கு”. மகளுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள் வருகிறது, இந்தத் தொலைநோக்கியை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். “வாங்காதீர்கள்” என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். கோபித்துக்கொண்டார். நியாயம்தான், காரணம் சொல்லாமல் ஒரு பிறந்தநாள் பரிசைக் கெடுத்தால் யாருக்கும் கோபம் வரும். காரணம் கொஞ்சம் நீளமானது என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த 525 எங்கிருந்து வந்தது? பெட்டிக்குள் இருப்பது 60 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ், அதன் குவியத் தொலைவு, அதாவது லென்ஸிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம், 700 மி.மீ. எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. குழலின் குவியத் தொலைவை, நாம் கண் வைக்கும் ஐபீஸின் குவியத் தொலைவால் வகுக்க வேண்டும். உடன் வரும் 4 மி.மீ. ஐபீஸைப் போட்டால் 175. அதோடு, பிம்பத்தை மேலும் 3 மடங்கு பெரிதாக்கும் பார்லோ லென்ஸையும் செருகினால் 525. கணக்கில் பொய் இல்லை. ஆனால் எந்தத் தொலைநோக்கிக்கும் தாங்கும் அளவு ஒன்று உண்டு. விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 2 மடங்கு என்பது பழகியவர்கள் கையாளும் கணக்கு. 60 மி.மீ.க்கு அது 120. அதைத் தாண்டினால் பிம்பம் பெரிதாகும், விவரம் கூடாது. ஒரு சொட்டு மையை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்ததுபோல எல்லாம் வெளிறிப்போகும்.

பெரிதாக்குவதைவிட ஒளியைச் சேர்ப்பதுதான் தொலைநோக்கிக்குப் பெரிய வேலை. இருட்டில் நம் கண்மணி அதிகம் போனால் 7 மி.மீ. விரியும். சில தொலைநோக்கிகளில் லென்ஸுக்குப் பதில் குழிந்த ஆடி (கண்ணாடி) இருக்கும்; 150 மி.மீ. ஆடி கண்மணியைப்போல ஏறத்தாழ 460 மடங்கு ஒளியை வாங்கும், 200 மி.மீ. ஆடி 800 மடங்குக்கும் மேல். ஆகவே உருப்பெருக்கத்தைப் பார்க்காதே, விட்டத்தைப் பார் என்று இந்தத் துறையில் எல்லாரும் ஓதுவார்கள். அதைக் கேட்டுத்தான் நானும் என் முதல் தொலைநோக்கியை வாங்கினேன். 114 மி.மீ. ஆடி. நண்பர் படம் அனுப்பியதைப்போல மூன்றரை மடங்கு ஒளி சேர்க்கக்கூடியது. விட்டத்தில் நான் ஏமாறவில்லை.

அதில் முதன்முதலாகச் சனிக்கோளைப் பார்த்த இரவு எனக்கு மறக்காது. பார்க்க முடியாமல் போன இரவு என்று சொல்வதே சரி. ஐபீஸுக்குள் சனி வந்தது. கொஞ்சம் மங்கலாக இருக்கிறதே என்று குவியத் திருகைத் தொட்டேன். அவ்வளவுதான், கோள் ஒரு வெளிச்சக் கோடாகி மேலும் கீழும் துள்ள ஆரம்பித்தது. கையை எடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டம் அடங்க ஐந்தாறு விநாடிகள். அடங்கியது என்று பார்த்தால் கோள் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டிருந்தது. நடுவுக்குக் கொண்டுவரக் குழலைத் தொட்டேன், மறுபடி துள்ளல். இப்படியே முக்கால் மணி நேரம். சில மாதங்கள் மல்லுக்கட்டிவிட்டு, துணி போட்டு மூடி மூலையில் வைத்தேன். எனக்குப் பொறுமை போதவில்லை என்று நம்பினேன். குறை என்னிடம் இல்லை, அந்த மெலிந்த ட்ரைபாடின் கால்களில் என்று தெரிந்துகொள்ள இரண்டு வருடம் பிடித்தது.

பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது, அதாவது 4 நிமிடத்துக்கு ஒரு பாகை. 100 மடங்கு பெரிதாக்கும்போது சாதாரண ஐபீஸில் தெரியும் வானத்தின் அகலம் அரைப் பாகை, ஏறத்தாழ ஒரு முழு நிலவின் அகலம். நடுவில் நிறுத்திய கோள் ஒரு நிமிடத்தில் வெளியேறிவிடும். 200 மடங்கில் அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்தில் ஆறு விநாடியை ஆட்டம் தின்றுவிட்டால் மிச்சத்தில் என்ன பார்ப்பது? உருப்பெருக்கம் கூடக்கூட ஆட்டமும் அதே அளவு பெருகுகிறது என்பதைப் பெட்டியில் யாரும் அச்சிடுவதில்லை. 525 மடங்கு என்றால் ஆட்டமும் 525 மடங்கு.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1610 ஜனவரியில், வியாழனின் நிலவுகளைக் கண்ட அதே நாட்களில், கலீலியோ ஒரு கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார்: கருவியை அசையாமல் நிறுத்த வேண்டும், நாடித் துடிப்பும் மூச்சும் கையை நடுங்க வைக்கும் என்று. அவருடைய குழல் 20 மடங்குதான் பெரிதாக்கியது. 20 மடங்குக்கே நாடித் துடிப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர், இன்று கடைகளில் விற்கும் ட்ரைபாடுகளைப் பார்த்தால் என்ன சொல்வாரோ.

ஆகவே என் கட்சி இதுதான்: கையிலுள்ள பணத்தில் பாதியையாவது குழலுக்குக் கீழே இருப்பதற்கு ஒதுக்குங்கள். அதற்காக விட்டம் குறைந்தாலும் பரவாயில்லை. உறுதியாக நிற்கும் 80 மி.மீ. லென்ஸில், தள்ளாடும் 130 மி.மீ. ஆடியில் காண்பதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். விட்டமே வேதம் என்பவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

கருவியைத் தாங்கும் பகுதியை மவுண்ட் என்பார்கள். அதில் ஆட்களை மயக்குவது ஈக்வடோரியல் வகை. பற்சக்கரங்கள், அளவுகோல்கள், எதிர் எடைக்கு ஒரு தண்டு; பார்த்தாலே விஞ்ஞானியாகிவிட்ட உணர்வு வரும். அதன் ஓர் அச்சை வானத் துருவத்தை, அதாவது வானம் சுற்றுவதுபோலத் தெரியும் மையப்புள்ளியை, நோக்கி நிறுத்திவிட்டால் ஒரே திருகைத் திருப்பி விண்மீனைப் பின்தொடரலாம். நீண்ட நேரம் ஒளியை வாங்கிப் படம் எடுப்பவர்களுக்கு, நல்ல எடையோடு, மோட்டாரோடு கிடைத்தால் வரம். மலிவுப் பதிப்பிலோ அத்தனை மூட்டுகளும் ஆடும். உச்சிக்கு அருகே இருக்கும் ஒன்றைப் பார்க்கக் குழலைத் திருப்பினால் ஐபீஸ் எங்கேயோ போய் நிற்கும். நாம் கழுத்தை முறித்துக்கொண்டு தரையில் மண்டியிடுவோம். என்னுடையது இந்த வகைதான். போதாததற்கு அது 1000 மி.மீ. குவியத் தொலைவை அரை மீட்டர்க் குழலுக்குள் அடைத்த ரகம். உள்ளே நிரந்தரமாக ஒரு லென்ஸைப் பொருத்தி அதைச் சாதிக்கிறார்கள். ஆடியை நேர்ப்படுத்துவதற்குள் விடிந்துவிடும்.

இந்தச் சிக்கலை அறுத்தெறிந்தவர் ஜான் டாப்சன். 1944-இல் சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடம் ஒன்றில் சேர்ந்து துறவியானவர். கையில் காசு இல்லை. பழைய கப்பல்களின் ஜன்னல் கண்ணாடியை ரகசியமாகத் தேய்த்து ஆடி செய்தார், அட்டைக் குழலில் பொருத்தினார், ஒட்டுப்பலகைப் பெட்டியில் உட்கார வைத்தார். 1967-இல் மடத்திலிருந்து வெளியேற நேர்ந்தது. அதன்பின் தொலைநோக்கியைத் தெருமுனைகளில் நிறுத்தி, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு நிலவையும் சனியையும் காட்டினார். 2014-இல் 98 வயதில் இறக்கும்வரை அதே வேலைதான். அவர் பெயரால் டாப்சோனியன் என்று வழங்கும் அந்த அமைப்பில் கால்களே இல்லை. ஒரு பெட்டி தரையில் சுழலும், குழல் அதன்மேல் ஏறி இறங்கும். ஒரு விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும்.

துருவம், அச்சு எதையும் அதில் தேட வேண்டாம். ஒரு குழந்தைக்கு இரண்டு நிமிடத்தில் கற்றுக்கொடுக்கலாம். 150 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத் தொலைவு உள்ள டாப்சோனியனில் 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கு தரும், 10 மி.மீ. ஐபீஸ் 120 மடங்கு. முதல் ஐந்து வருடங்களுக்கு இந்த இரண்டும் போதும். 200 மி.மீ. இன்னும் அழகு, ஆனால் எடை 20 கிலோவைத் தாண்டும். தூக்கிக்கொண்டு மாடியேற வேண்டியவர்கள் முதலில் முதுகைக் கலந்தாலோசிக்கவும்.

எதை வாங்குவதாக இருந்தாலும் ஒரு சோதனை செய்துபாருங்கள். 100 மடங்கில் ஏதாவது ஒன்றைப் பார்த்தபடி குழலின் பக்கவாட்டில் விரலால் தட்டி, ஆட்டம் அடங்கும்வரை எண்ணுங்கள். ஒன்று, இரண்டு என்பதற்குள் நின்றால் நல்லது. ஐந்து வரை போனால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும்.

நண்பரின் மகளுக்கு நான் சொன்னது தொலைநோக்கியே அல்ல, 10x50 பைனாகுலர், அதாவது 10 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ் உள்ளது. இரண்டு கண்ணாலும் பார்க்கலாம், பிம்பம் தலைகீழாகத் தெரியாது, வானத்தின் அகன்ற பகுதி ஒன்றாகத் தெரியும். கார்த்திகை விண்மீன் கூட்டம் எந்தப் பெரிய தொலைநோக்கியிலும் அதில் தெரிவதுபோல அழகாகத் தெரியாது. இருட்டான இடத்தில் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆண்ட்ரோமீடா என்ற விண்மீன் திரளின் மங்கிய நீள்வட்டமும் தெரியும். இங்கேயும் கால் விவகாரம் உண்டு: கையில் பிடித்தால் வியாழன் துள்ளும், முழங்கையைச் சுவரில் ஊன்றினால் அதன் நிலவுகள் ஒரே வரிசையில் வந்து நிற்கும். இங்கிலாந்தில் ஜார்ஜ் ஆல்காக் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். ஏறத்தாழ 30,000 விண்மீன்களின் இடத்தை மனப்பாடம் செய்தவர். 1983-இல் வீட்டுக்குள்ளிருந்தே, மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக, 15x80 பைனாகுலரில் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். பூமிக்கு ஏறத்தாழ 47 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கி வந்த வால்மீன் அது. அந்தத் திட்டு அங்கே இருக்கக் கூடாதது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திராவிட்டால் எந்தக் கருவியும் அதைச் சொல்லியிருக்காது.

தானாகத் தேடிப் பிடித்துப் படம் எடுத்துக் கைபேசிக்கு அனுப்பும் ஸ்மார்ட் தொலைநோக்கிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். வெளிச்சம் நிறைந்த நகரங்களில் கண்ணுக்குச் சிக்காத நெபுலாக்களை அவை வண்ணத்தோடு காட்டிவிடுகின்றன; அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அது கேமரா. சனியின் ஒளி ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்து நேராக என் கண்ணுக்குள் விழ வேண்டும் என்பது என் பிடிவாதம், அவ்வளவே. கண்ணால் பார்க்கும் நெபுலா சாம்பல் நிறத்தில்தான் இருக்கும் என்பதையும் குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெட்டிப் படத்தை நம்பி ஏமாறுவது பெரியவர்களோடு போகட்டும்.

இன்னொன்று, இதில் விளையாட்டு வேண்டாம். சில மலிவுத் தொலைநோக்கிகளோடு, ஐபீஸில் திருகிப் பொருத்தும் சிறிய சூரிய வடிகட்டி ஒன்று வரும். குவிந்த வெயிலின் சூட்டில் அது வெடித்து உடையலாம், கண் போய்விடும். அதைப் பார்த்த உடனேயே குப்பையில் போடுங்கள். சூரியனுக்கான வடிகட்டி குழலின் முன்வாயை மூட வேண்டும்.

என் பழைய 114 மி.மீ. என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குழலை மட்டும் கழற்றி, நானே அறுத்த ஒட்டுப்பலகைப் பெட்டியில் உட்கார வைத்தேன். அழகாக இல்லை, ஆனால் நிற்கிறது. சனியின் வளையத்துக்கும் கோளுக்கும் நடுவே உள்ள கறுப்பு இடைவெளியை முதலில் அதில்தான் பார்த்தேன். அந்த ட்ரைபாடை மாடியில் துணி காயப்போடும் ஒரு கொடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். காற்றடித்தால் கொடியையும் சேர்த்து ஆட்டுகிறது.