ஊசியை எடுப்பதற்கு முன்

"வைஃபை வரவில்லை என்றால் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அழுத்துங்கள், சரியாகிவிடும்" என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். அது ரீஸ்டார்ட் இல்லை, ஃபேக்டரி ரீசெட்; அதாவது நீங்களோ நிறுவனமோ பதிந்த அமைப்புகளையெல்லாம் அழித்துவிடும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் அழிந்தால் பரவாயில்லை. பல ஃபைபர் இணைப்புகளில் நிறுவனத்தின் நெட்டுக்குள் நுழையத் தேவையான பிபிபிஓஇ (PPPoE) யூசர்நேம், பாஸ்வேர்டு, இணைப்புக்கான விலான் (VLAN) எண் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் பதிந்திருக்கும். சில நிறுவனங்கள் தங்கள் இடத்திலிருந்தே அவற்றைத் திரும்ப ஏற்றிவிடும். மற்ற இடங்களில் ஆள் வரும்வரை நெட் கிடையாது. சின்னக் கோளாறு பெரிதாகிவிடும்.

முதலில் விளக்கைப் பாருங்கள். பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக இருந்தால் ஃபைபரில் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். கேபிள் எங்கோ மடங்கியிருக்கலாம், அறுந்திருக்கலாம். எத்தனை ரீசெட் செய்தாலும் அது மாறாது, புகார்தான் கொடுக்க வேண்டும். கேபிளைக் கழற்றி முனையை உற்றுப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு நல்லதில்லை.

சிவப்பு விளக்கு இல்லையா? சுவிட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். விளக்குகள் நிலைக்கக் கொஞ்ச நேரம் கொடுங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்துப் பாருங்கள். அதில் நெட் வந்தால் கோளாறு வைஃபையில் மட்டும்தான். ரவுட்டர் செட்டிங்ஸில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கான சேனலை (சிக்னல் போகும் தடத்தை) 1, 6, 11 இவற்றில் ஒன்றுக்கு மாற்றிப் பார்க்கலாம்.