தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி சிக்கை எடுங்க!

ஞாயித்துக்கிழமை ஆனா போதும். நீள முடி ஷிட்சு நாயைத் தூக்கிட்டுப் போய் பாத்ரூம்ல நிறுத்த வேண்டியது. காதுக்குப் பின்னாடி, அக்குள்ல, தொடை இடுக்குல சிக்கு அப்படியே இருக்க, ஒரு மக்குத் தண்ணியை மேல ஊத்த வேண்டியது. ஷாம்பூ போட்டு நுரை வரப் பரபரன்னு தேய்க்க வேண்டியது. அப்புறம் துண்டால வட்டவட்டமா துவட்டி ஃபேனுக்குக் கீழ விட்டுட வேண்டியது. சாயங்காலம் சீப்பு உள்ள இறங்கலைன்னதும் "இந்த ஜாதி நாயே இப்படித்தான்"னு நாய் மேல பழி!

நாய் மேல என்ன தப்பு? கம்பளி ஸ்வெட்டரைக் கசக்கித் துவைச்சா என்ன ஆகும்? சுருங்கிக் கெட்டியாயிடும்ல? அதேதான் இங்கயும். முடியோட மேற்பரப்புல பொடிப்பொடியா செதில் இருக்கு. நனைச்சுத் தேய்க்கும்போது அது ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும், காயும்போது இறுகும். காலையில விரலால பிரிச்சிருக்கக்கூடிய முடிச்சு, சாயங்காலம் தோலோட ஒட்டின தகடு. அப்புறம் அந்த நாய் ஒவ்வொரு தடவை கால் எடுத்து வைக்கும்போதும் அக்குள் தோல் இழுபடுது. அதுக்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது.

"நாங்க தினமும் பிரஷ் பண்றோமே"ன்னு சொல்றவங்க மேலதான் இன்னும் கோவம் வருது. முதுகு மேல நாலு இழுப்பு இழுக்கறதுக்குப் பேர் பிரஷ் பண்றது இல்ல. மேல பட்டு மாதிரி இருக்கும், அடியில கம்பளம் மாதிரி கிடக்கும். ஷிட்சு, அதே மாதிரி நீள முடி இருக்கற லாசா ஆப்சோ ரெண்டுக்கும் உதிர்ற முடி தரையில விழறது கம்மி. மத்த முடிக்குள்ளயே சிக்கிக்கும். அதனால வகிடு எடுத்துத்தான் சீவணும். நாயை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வயித்து ஓரம் கீழ்ப்பக்கத்துல ஆரம்பிங்க. ஒரு கையால மேல் முடியை மொத்தமா ஒதுக்கிப் பிடிச்சா தோல் ஒரு கோடா தெரியும். அந்தக் கோட்டுல இருந்து ஸ்லிக்கர் பிரஷால, அதான் மெல்லிசான வளைஞ்ச கம்பிப் பல் இருக்கற பிரஷ், நுனி வரைக்கும் சீவுங்க. அப்புறம் அரை இஞ்ச் மேல அடுத்த வகிடு. இப்படியே முதுகுத்தண்டு வரைக்கும். முடிச்சதும் இரும்புச் சீப்பு, ஒரு பாதி அகலப் பல், மறு பாதி நெருக்கப் பல் இருக்குமே, அதை வேர்ல இருந்து ஓட்டிப் பாருங்க. எங்க நிக்குதோ அங்க சிக்கு இருக்கு. கழுத்துப்பட்டை, ஹார்னஸ் உரசற இடத்தை விட்டுடாதீங்க. 8 மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் குட்டி முடி போய் பெரிய முடி வரும், அப்போ ஒரு நாள் விட்டாலும் முடிச்சு விழும்.

அடுத்து கத்திரிக்கோல். தயவுசெஞ்சு அதைக் கீழ வைங்க! நாய்த் தோல் மெலிசு, தொளதொளன்னு இருக்கும். சடையை, அதான் இறுகிப்போன சிக்கை, பிடிச்சுத் தூக்கினா தோலும் கூடவே எழும்பி வரும். முடின்னு நினைச்சு வெட்டறது தோலா இருக்கும், தையல் போடற அளவுக்கு.

சடைக்கும் தோலுக்கும் நடுவுல ரெண்டு விரலால இறுக்கிப் பிடிச்சுக்கங்க. இழுவை விரலோட நின்னுடும், தோலுக்குப் போகாது. நாய்க்கான கண்டிஷனரைத் தண்ணியில கரைச்சு அந்த இடத்துல மட்டும் ஸ்பிரே பண்ணி 5 நிமிஷம் விடுங்க. ஈரம் கூடாதுன்னு சொல்லிட்டு ஸ்பிரேயான்னு கேட்காதீங்க. வழுக்கறதுக்குக் கொஞ்சம் ஈரம் வேற, நுரை போட்டுக் கசக்கறது வேற. அப்புறம் சீப்போட ஓரப் பல்லால, முடிச்சோட வெளி நுனியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா பிரிங்க. வேர்ல ஆரம்பிச்சா முடிச்சு இன்னும் இறுகும். 10 நிமிஷத்துல பிரியலையா, விட்டுடுங்க. முடியை ரொம்பக் கட்டையா எடுக்கற 10ஆம் நம்பர் பிளேடு போட்ட ட்ரிம்மரை, தோலை மறு கையால இழுத்துப் பிடிச்சு, தட்டையா சடைக்கு அடியில ஓட்டி எடுத்துடலாம். நடுநடுவுல பிளேடை உங்க மணிக்கட்டு உள்பக்கம் வச்சுப் பாருங்க. உங்களுக்குச் சுட்டா அதுக்கும் சுடும்.

இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் தண்ணி. மனுஷ ஷாம்பூ வேண்டாம், நம்ம தோலோட அமிலத்தன்மை வேற, நாய்த் தோலோடது வேற. ஷாம்பூவை மேலிருந்து கீழா வழிச்சு விடுங்க, வட்டமா தேய்க்காதீங்க. உப்புத் தண்ணி போர்வெல்னா முடி சொரசொரன்னு ஆகும், கடைசியா ஒரு பக்கெட் நல்ல தண்ணி ஊத்தி அலசிடுங்க. துண்டால ஒத்தி எடுங்க. ட்ரையரைச் சூடு இல்லாம வச்சு, சீவிக்கிட்டே வேர் வரைக்கும் உலர்த்துங்க. மூக்கு சப்பையான நாய், சூட்டுல மூச்சு வாங்கும். அடிமுடி ஈரமா நின்னா தோல் வெந்து புண்ணாகும். வால் அடியில மலம் ஒட்டின சடையை அப்படியே விட்டா ஈ முட்டை போட்டுப் புழு வைக்கும்.

இதுல இன்னொரு கூட்டம், கத்திரி வெயில் வந்ததும் கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன், ஹஸ்கின்னு எல்லாத்துக்கும் மொட்டை! அதுங்களுக்கு ரெண்டடுக்கு முடி. மேலடுக்கு வெயில் தோல்ல படாம காக்குது. வழிச்சா தோல் கருகும், சில நாய்க்கு முடி திட்டுத்திட்டாத்தான் திரும்ப வரும், வராமலே போறதும் உண்டு. அதுங்களுக்குச் செய்ய வேண்டியது உதிர்ற அடிமுடியைச் சீவி எடுக்கறது. ஷிட்சுவுக்குக் கட்டையா வெட்டி விடறதுல தப்பே இல்ல, தோல் தெரிய வழிக்காம இருந்தா சரி.

உடம்பு முழுக்க ஒரே தகடா ஆயிடுச்சுன்னா வீட்டுல மணிக்கணக்கா பிடுங்கிச் சித்திரவதை பண்ணாதீங்க. மொத்தமா எடுக்கறதுதான் அந்த நாய்க்குக் கருணை. அடியில உண்ணியும் புண்ணும் இருக்கும்னு எதிர்பார்த்தே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. காதுல சடை எடுத்த பிறகு ரெண்டு நாள் கவனிங்க. பாரம் போனதும் சில நாய் தலையை விடாம உதறும், அதுல காது மடலுக்குள்ள ரத்தம் கட்டிக்கலாம். மடல் உப்பித் தலையணை மாதிரி ஆனா, அன்னைக்கே மறுபடி காட்டுங்க.