ஜாட்ஸீக்கி: வெள்ளரியைப் பிழியத் தேவையில்லையா?

கிரீக் யோகர்ட் எனும் வடிகட்டிய கெட்டித் தயிரில் துருவிய வெள்ளரியும் பூண்டும் கலந்து தொட்டுக்கொள்ளச் செய்யும் கிரேக்க உணவு ஜாட்ஸீக்கி. இதற்கு "கிரீக் யோகர்ட் கெட்டியானது, வெள்ளரிக்காயைப் பிழிய வேண்டாம், சத்து வீணாகும்" என்று ஒரு குறிப்பு பரவுகிறது. தவறு.

வெள்ளரியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர்தான். தயிரில் உப்பு சேர்ந்ததும் அந்தத் தண்ணீர் வெளியே வரும். கலந்தபோது கரண்டியில் நின்றது, அரை மணியில் கிண்ணத்தின் ஓரமெல்லாம் நீர் கட்டி மோர் மாதிரி ஆகிவிடும். பிழிவதில் கொஞ்சம் பொட்டாசியம் போகும், உண்மைதான். ஆனால் போவதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர்.

300 கிராம் வெள்ளரியை விதை நீக்கித் துருவி, அரை டீஸ்பூன் உப்பு பிசறி 20 நிமிடம் வையுங்கள். பிறகு மெல்லிய துணியில் கட்டி முறுக்குங்கள். சொட்டு நின்றபின் இன்னொரு முறை முறுக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

500 கிராம் யோகர்ட், நசுக்கிய பூண்டு 2 பல், ஆலிவ் எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், வினிகர் 1 டேபிள்ஸ்பூன் சேர்த்துக் கலந்து, கடைசியில் வெள்ளரியைப் போடுங்கள். பூண்டைக் கூட்டாதீர்கள், ஃபிரிட்ஜில் இருக்க இருக்க காரம் ஏறும். வெள்ளரியில் உப்பு இருப்பதால், ருசி பார்த்த பிறகே மேலும் உப்பு.

சாதாரணத் தயிர்தான் இருக்கிறதென்றால், 1 கிலோவைத் துணியில் கட்டி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வடியவிடுங்கள். கெட்டியாக்க சோள மாவு வேண்டவே வேண்டாம். பச்சை மாவு வாசம்தான் மிஞ்சும்.