ஹார்வர்டு பார்த்தாச்சு, சேப்பாக்கம் பார்த்தாச்சா?

மே, ஜூன் வந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் கட்டாயம் வந்துவிடும். அமெரிக்காவில் படிக்கிற பிள்ளையைப் பார்க்கப் போன அப்பா அம்மா, ஜான் ஹார்வர்டு சிலையின் இடது ஷூவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தொட்டால் அதிர்ஷ்டமாம். ஆயிரம் கை பட்டு அந்த ஷூ முனை மட்டும் பளபளக்கும். அந்தச் சிலைக்கு அங்கே ‘மூன்று பொய் சிலை’ என்றே பட்டப்பெயர் உண்டு. பீடத்தில் ஜான் ஹார்வர்டு, நிறுவனர், 1638 என்று பொறித்திருக்கிறது. அந்த முகம் அவருடையது இல்லை, அவர் நிறுவனரும் இல்லை, தொடங்கிய வருஷமும் 1636.

போகட்டும், ஆசைக்குத் தொடுகிறார்கள். என் ஆதங்கம் வேறு. அந்தப் படத்தில் நிற்கிற மாமாவின் டிகிரி சர்டிஃபிகேட்டில் இருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர். அவர் படித்தது ஏதோ ஓர் இணைப்புக் கல்லூரியில். சேப்பாக்கம் வளாகத்துக்குள் போயிருந்தால் டூப்ளிகேட் மார்க் ஷீட் வாங்கப் போயிருப்பார்: கவுண்ட்டர், சலான், ஜெராக்ஸ் கடை, வீடு. அங்கே இருக்கிற பழைய மண்டபம் செனட் ஹவுஸை நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். எதிரே உழைப்பாளர் சிலையிடம் ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடுகிறது. அத்தனை பேரும் கடலைப் பார்க்கிறோம். முதுகுப் பக்கம் இருப்பது 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகம்.

செனட் ஹவுஸ் ராபர்ட் சிஸம் வடிவமைத்தது. 1874-இல் ஆரம்பித்து 1879-இல் முடித்தார்கள். பக்கத்திலேயே 1768-இல் எழும்பிய ஆற்காட்டு நவாபின் மாளிகை இருக்க, வெள்ளைக்காரப் பாணியை அப்படியே கொண்டுவந்து நட மனசு வரவில்லை போலிருக்கிறது. செங்கல் சுவர், மூலைக்கு மூலை கோபுரம், அதன் தலையில் குமிழ் மாடம். உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். அந்தி வெயில் இறங்கும்போது கண்ணாடியின் நிறம் தரையில் விழுந்து மெல்ல நகரும். பாழாகக் கிடந்த மண்டபத்தைப் பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டை ஒட்டிப் புதுப்பித்தார்கள். செலவு செய்து புதுப்பித்ததை யாருக்குக் காட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

ஆனால் கட்டடம் மட்டும் பார்ப்பதென்றால் அரண்மனைக்குப் போகலாமே. பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர் அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். பி.ஏ.வுக்கு முந்தைய படிப்பான எஃப்.ஏ. பரீட்சையில் தேறாத ஒரு துறைமுக குமாஸ்தாவுக்கு, கையில் பட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது இந்தப் பல்கலைக்கழகம்தான். அந்த குமாஸ்தா பெயர் ராமானுஜன். விதியைத் தளர்த்திய அந்த முடிவை எழுதி ஒரு பலகை வைத்தால், நான் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வேன். 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாகத் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி வெளிவந்ததும் இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்துதான். இன்றைக்கும் ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் இணையத்தில் அதைத்தான் புரட்டுகிறோம்.

சரி, உள்ளே விடுவார்களா? நகரத்தில் ஒரு பழைய கல்லூரி, பெயர் வேண்டாம். வாசலில் செக்யூரிட்டி அண்ணன் கேட்டார்: “யாரைப் பாக்கணும் சார்?”

“யாரையும் இல்லண்ணே, கட்டடத்தைப் பாக்கணும்.”

“அதான் இங்கருந்தே தெரியுதே, பாத்துட்டுப் போங்க.”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பு நடக்கிற வராந்தாவில் நின்று ரீல்ஸ் எடுக்கிற கூட்டத்தைத் தினமும் விரட்டுகிறவர் அவர். அதுவும் பெண்கள் கல்லூரி என்றால் இன்னும் கறாராக இருக்கத்தான் வேண்டும். படிக்கிற பிள்ளைகளை வேடிக்கைப் பொருளாக்கி ஒரு சுற்றுலா நமக்கு வேண்டாம்.

அதற்காக ஒரேயடியாகக் கேட்டைச் சாத்துவதும் சரியில்லை. ஆகஸ்டில் மெட்ராஸ் டே சமயத்தில் மட்டும் பாரம்பரிய நடை என்று நாலு பேரை அழைத்துப் போவதெல்லாம் பத்தாது. பழைய வளாகம் ஒவ்வொன்றும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியத்தை ஒதுக்கட்டும். முன்பதிவு, அடையாள அட்டை, இருபது பேருக்கு மேல் கிடையாது. சுற்றிக் காட்டும் வேலையை வரலாறு படிக்கிற மாணவர்களிடமே கொடுக்கலாம், ஹார்வர்டில் மாணவர்கள்தானே கூட்டிப் போகிறார்கள்! தலைக்கு நூறு ரூபாய் வாங்கி அதை அவர்களுக்கே கொடுங்கள். பாக்கெட் மணிக்கும் ஆச்சு, நாலு பேர் முன்னால் பேசிப் பழகவும் ஆச்சு. ரீல்ஸ்தான் எடுப்பேன் என்று வருகிறவருக்கு எதிரிலேயே அவ்வளவு பெரிய மெரினா இருக்கிறது.