கவுக்க 270 பேர் வந்தாங்க, கட்ட ஒருத்தரும் வரல

தேர்தல் ரிசல்ட்ல யாருக்கும் மெஜாரிட்டி இல்லன்னு ஆனா போதும், அரை மணி நேரத்துல டைம்லைன் முழுக்க ஒரே பாட்டு தான். ஜனங்களுக்கு அறிவே இல்ல, ஒழுங்கா ஒருத்தனுக்கு குத்தியிருந்தா இந்த குதிரை பேரம் எல்லாம் வந்திருக்குமா, இப்ப பாரு ஆளுக்கொரு ரிசார்ட்ல போய் உக்காந்துட்டானுங்க, இனி ஸ்திரமான ஆட்சி அவ்ளோ தான்... இப்படி எழுதுறவங்கள்ல பாதி பேர் என் ஃப்ரெண்ட்ஸ் தான், அதனால திட்டாம சொல்றேன். ஓட்டு போடுறவன் தனியா ஒரு மறைவுக்குள்ள நின்னு தான் போடுறான். இவருக்கு 240 குடுப்போம் அவருக்கு 99 குடுப்போம்னு கோடிக்கணக்கான பேர் கூடிப் பேசி முடிவு பண்றதில்ல. யாருக்கும் முழுசா இல்லன்னு வந்தா அது வந்த கணக்கு, அதுக்கு மேல அரசியல்வாதிங்க வேலை.

என் கோவம் எல்லாம் அந்த வேலைய அவங்க செய்ற விதத்து மேல தான். சேர்ந்து ஆட்சி நடத்துன்னா ஆள் கிடைக்காது, ஆனா நடக்குற ஆட்சிய கவுக்கணும்னா மட்டும் எலியும் பூனையும் ஒரே பெஞ்ச்ல வந்து உக்காரும்.

1999 ஏப்ரல் 17 ஞாபகம் இருக்குற வயசுக்காரங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க. அதிமுக 18 எம்பியோட ஆதரவ வாபஸ் வாங்குது, ஜனாதிபதி கே.ஆர்.நாராயணன் வாஜ்பாய கூப்பிட்டு சபையில மெஜாரிட்டிய நிரூபிங்கன்னு சொல்றாரு. முந்தின தேர்தல்ல எதிர் அணியில நின்ன திமுக இப்ப வாஜ்பாய்க்கு ஆதரவு. வாஜ்பாய்க்கு ஆதரவு குடுத்த தேசிய மாநாட்டு கட்சியோட எம்பி சைஃபுதீன் சோஸ் கட்சி கொறடா உத்தரவ மீறி எதிர்த்து ஓட்டு போடுறாரு. இன்னொரு பக்கம் காங்கிரஸ் எம்பி கிரிதர் கமாங். அவரு பிப்ரவரியிலயே ஒரிசா முதலமைச்சர் ஆயிட்டாரு, ஆனா எம்பி பதவிய இன்னும் ராஜினாமா பண்ணல. ஒரு மாநில முதலமைச்சர் டெல்லிக்கு வந்து லோக்சபாவுல ஓட்டு போடலாமான்னு பெரிய சண்டை, சபாநாயகர் பாலயோகி அத அவரோட மனசாட்சிக்கே விட்டுட்டாரு. மனசாட்சி ஓட்டு போடச் சொல்லிருச்சு போல, போட்டாரு. 269க்கு 270. ஒரே ஒரு ஓட்டுல அரசாங்கம் காலி.

இந்த கதைய எல்லாரும் அந்த ஒரு ஓட்டோட நிறுத்திக்குவாங்க, சினிமா மாதிரி இருக்குல்ல. எனக்கு முக்கியம் அதுக்கப்புறம் வந்த ஒம்போது நாள். சோனியா காந்தி ராஷ்டிரபதி பவனுக்கு போய் 272 பேர் எங்க பக்கம்னு சொன்னாங்க, அடுத்து சமாஜ்வாடி கட்சி முலாயம் சிங் காங்கிரஸ் தலைமையில ஆட்சி வர ஆதரவு தர மாட்டேன்னுட்டாரு, கணக்கு அங்கயே உடைஞ்சுது. 26ஆம் தேதி லோக்சபாவ கலைச்சாச்சு. அதாவது "இவர் வேணாம்"னு சொல்ல 270 பேர் இருந்தாங்க, "அப்ப யாரு?"ன்னு கேட்டா பதில் இல்ல. அக்டோபர்ல புது அரசு வர்ற வரைக்கும் தோத்துப் போன அதே வாஜ்பாய் தான் காபந்து பிரதமர். அந்த இடைவெளில தான் கார்கில் போரே நடந்துச்சு! பேசி வச்சுட்டாவது கவுத்திருக்கலாம்ல?

இந்த வியாதி நமக்கு மட்டும் வந்தது இல்ல. 1932 செப்டம்பர்ல ஜெர்மனி நாடாளுமன்றத்துல பிரதமர் பாப்பென் அரசுக்கு எதிரா நம்பிக்கையில்லா தீர்மானம், 512க்கு 42ன்னு ஜெயிச்சுது. கம்யூனிஸ்டும் நாஜியும் ஒரே பக்கம் ஓட்டு. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு அரசு அமைப்பாங்களா? தெருவுல ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்கிட்டு இருந்தவங்க அவங்க. அதுக்கப்புறம் அந்த நாடு எங்க போய் நின்னுச்சுன்னு சொல்லத் தேவையில்ல. சூடு பட்ட பூனையா 1949ல புது அரசியல் சட்டம் எழுதுனப்ப 67வது பிரிவுன்னு ஒண்ணு வச்சாங்க: பிரதமர எறக்கணுமா, தாராளமா எறக்கு, ஆனா அதே ஓட்டுல அடுத்தவர் யாருன்னு பேர் சொல்லி தேர்ந்தெடுத்துட்டு எறக்கு. தேசிய அளவுல இது வரைக்கும் ரெண்டே தடவ தான் முயற்சி பண்ணியிருக்காங்க. 1972ல எதிர்க்கட்சித் தலைவர் பார்ட்செல் ரெண்டு ஓட்டுல கோட்ட விட்டாரு, 1982ல ஹெல்முட் கோல் ஜெயிச்சு பிரதமர் ஆனாரு. ஸ்பெயின்லயும் இதே சட்டம் தான், 2018ல சான்செஸ் பிரதமர் பதவிக்கு வந்தது இந்த வழியில. நம்ம சட்ட ஆணையமும் 1999லயே 170வது அறிக்கையில இது மாதிரி ஒரு ஏற்பாடு வேணும்னு சொல்லிச்சு, வழக்கம் போல அறிக்கை அலமாரிக்கு போயிருச்சு.

இப்ப நான் உண்மையிலயே வெறுக்குற வார்த்தைக்கு வரேன். "வெளியிலிருந்து ஆதரவு". இத கண்டுபிடிச்சவன் யாரோ தெரியல, கெட்டிக்காரன். மந்திரி பதவி வேணாம் (தியாகமாம்), பெட்ரோல் விலை ஏறுனா கெட்ட பேர் வேணாம், ஆனா அரசோட மூக்கணாங்கயிறு மட்டும் என் கையில இருக்கணும். சரண் சிங், சந்திரசேகர், தேவ கவுடா, குஜ்ரால், இந்த நாலு பிரதமர்களும் காங்கிரஸோட வெளி ஆதரவ நம்பி உக்காந்தவங்க. நாலு பேர்ல ஒருத்தர் கூட ஒரு வருஷத்த முழுசா தாண்டல. சரண் சிங் பிரதமரா லோக்சபாவ சந்திக்கவே இல்ல, நம்பிக்கை ஓட்டுக்கு முன்னாடியே ஆதரவு போயிருச்சு. சந்திரசேகர் கதை இன்னும் கொடுமை, ராஜீவ் காந்தி வீட்டு வாசல்ல ஹரியானா போலீஸ்காரங்க ரெண்டு பேர் வேவு பாத்தாங்கன்னு பிரச்சனை, மனுஷன் வெறுத்துப் போய் 1991 மார்ச் 6ஆம் தேதி ராஜினாமா பண்ணிட்டாரு. ரெண்டு கான்ஸ்டபிள்ல ஒரு நாட்டோட ஆட்சி போச்சு.

1996 கொஞ்சம் உன்னிப்பா பாக்க வேண்டிய வருஷம். பாஜக 161, காங்கிரஸ் 140. ஜனாதிபதி சங்கர் தயாள் சர்மா தனிப்பெரும் கட்சின்னு வாஜ்பாய கூப்பிட்டாரு, 13 நாள்ல ஓட்டெடுப்புக்கு முன்னாடியே ராஜினாமா. (இதப் பாத்து தானோ என்னவோ, 1998ல நாராயணன் முதல்ல ஆதரவுக் கடிதங்கள கொண்டாங்கன்னு கேட்டாரு. அப்ப போயஸ் கார்டன்ல இருந்து கடிதம் வர்ற வரைக்கும் டெல்லியே வாசல பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு.) அதுக்கப்புறம் ஐக்கிய முன்னணி. ஜோதிபாசுவ கூப்பிட்டாங்க, அவரு கட்சியே வேணாம்னுருச்சு, கடைசில 46 சீட் ஜனதா தளத்துல இருந்து தேவ கவுடா. 13 கட்சி உக்காந்து குறைந்தபட்ச செயல்திட்டம்லாம் எழுதுனாங்க, நல்லா தான் எழுதுனாங்க. ஆனா எந்த 140 பேர நம்பி ஆட்சி நின்னுச்சோ அந்த கட்சி அதுல ஒரு பங்காளியே இல்ல. எதுக்காக ஆதரவு, எது வரைக்கும், எந்த விஷயத்துல ஒத்துப் போகலன்னா எங்க உக்காந்து பேசணும், ஒண்ணும் கிடையாது. 1997 மார்ச் கடைசில காங்கிரஸ் தலைவர் சீதாராம் கேசரி ஆதரவு வாபஸ்னு ஒரு கடிதம் குடுத்தாரு, முடிஞ்சுது. அடுத்து வந்த குஜ்ரால்கிட்ட, ராஜீவ் கொலைய விசாரிச்ச ஜெயின் கமிஷன் அறிக்கைய காட்டி திமுக மந்திரிங்கள வெளிய அனுப்புன்னு கேட்டாங்க, முன்னணி முடியாதுன்னுச்சு, நவம்பர்ல அதுவும் முடிஞ்சுது.

இத சொன்னா உடனே ஒரு கேள்வி வரும், 2004ல இடதுசாரிகளும் வெளியில இருந்து தானே ஆதரவு குடுத்தாங்க, நாலு வருஷம் ஓடுச்சேன்னு. ஆமா ஓடுச்சு. ஏன் ஓடுச்சுன்னா செயல்திட்டம் எழுதுறப்பவே அவங்ககிட்ட பேசி எழுதுனாங்க, ஒருங்கிணைப்புக் குழுன்னு ஒண்ணு இருந்துச்சு, சண்டை போட ஒரு ரூம் இருந்துச்சு. 2008ல அணுசக்தி ஒப்பந்தத்துல பிரிஞ்சப்ப கூட எதுக்கு பிரிஞ்சாங்கன்னு ஊருக்கே தெரியும். அந்த பிரிவு மேல எனக்கு மரியாதை உண்டு. அதுக்கப்புறம் நடந்த நம்பிக்கை ஓட்டெடுப்புல சபைக்குள்ள நோட்டுக் கட்ட தூக்கிக் காட்டுனது வேற கதை.

அதனால ரிசல்ட் வந்த மூணாம் நாளே பதவியேற்பு நடக்கலன்னா எனக்கு பதட்டம் ஆகாது. பேசட்டும். 2017 தேர்தலுக்கப்புறம் ஜெர்மனில 171 நாள் பேசுனாங்க, நடுவுல ஒரு கட்சி எந்திரிச்சு போயிருச்சு, அப்புறம் பழைய கூட்டாளிகளே திரும்பி வந்து 177 பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதி, அத ஒரு கட்சி தன்னோட உறுப்பினர்களுக்கே தபால்ல அனுப்பி ஓட்டெடுத்துட்டு தான் கையெழுத்து போட்டுச்சு. நெதர்லாந்து 2021ல 299 நாள். பெல்ஜியம் 2010ல ஆரம்பிச்சு 541 நாள், சிரிக்காதீங்க, அந்த நேரத்துல காபந்து அரசு லிபியாவுக்கு போர் விமானமே அனுப்புச்சு. ஆனா 541 நாள் நல்லதுன்னும் சொல்ல வரல. கடைசில ஒரு ரேட்டிங் கம்பெனி நாட்டோட கடன் மதிப்ப கொறச்சப்புறம் தான் பட்ஜெட்ல கையெழுத்தாச்சு, அது அசிங்கம் தான். அதே போல ஒத்து வரலயா திரும்ப தேர்தல் வைன்னு சொல்றவங்க பல்கேரியாவ பாருங்க, 2021 ஏப்ரல்ல இருந்து 2024 அக்டோபருக்குள்ள ஏழு தேர்தல். 2024 ஜூன்ல மூணுல ஒருத்தர் தான் ஓட்டு போட வந்தாங்க, மத்தவங்க சலிச்சுப் போய் வீட்லயே இருந்துட்டாங்க.

சட்டம் இருந்தா எல்லாம் சரியாயிரும்னு நானும் கொஞ்ச நாள் நம்பிட்டு இருந்தேன். இஸ்ரேல்லயும் அடுத்தவர் பேர் சொல்லி தான் பிரதமர எறக்க முடியும். என்ன பண்ணாங்க? பிரதமர எறக்காம சபையவே கலைச்சுக்கிட்டாங்க, அதுக்கு பேர் சொல்லத் தேவையில்ல பாருங்க. நாலு வருஷத்துக்குள்ள அஞ்சு தேர்தல். நடுவுல 2021ல பென்னட் பிரதமர் ஆனது 60க்கு 59ல, அவரு கட்சி ஜெயிச்சது 120ல ஏழே சீட்டு.

ஜெர்மனிலயே பாருங்க, 2025 மே 6ஆம் தேதி. ஒப்பந்தம் எழுதியாச்சு, கையெழுத்து போட்டாச்சு, மெர்ஸ் பிரதமரா பதவியேற்க கோட்டு சூட்டோட வந்து உக்காந்திருக்காரு. கூட்டணிக்கு 328 எம்பி, தேவை 316. எண்ணிப் பாத்தா 310. அந்த நாட்டு வரலாற்றுல தேர்தல் முடிஞ்சு முதல் சுத்துலயே ஒருத்தர் தோத்தது அப்ப தான். மத்தியானம் ரெண்டாவது சுத்து வச்சு 325 வாங்கி ஜெயிச்சுட்டாரு. காலைல கொறஞ்ச அந்த 18 ஓட்டு யாரோடதுன்னு கேட்டா ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ரகசிய ஓட்டு.