ஜேம்ஸ் ஜேமர்சனின் ஒற்றை விரல்

பிடித்த பேஸ் கிட்டார் கலைஞர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பேன். அறுபதுகளில் டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனம் வெளியிட்ட பாடல்களில் மிகப் பலவற்றுக்கு அவர்தான் பேஸ். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஸ்டீவி வொண்டர், மார்வின் கே என்று எல்லாருக்கும் வாசித்திருக்கிறார்.

வலது கையின் ஆட்காட்டி விரல் ஒன்றே போதும் அவருக்கு. அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்றே பட்டப்பெயர் உண்டு. முதலில் பழகியது நின்று வாசிக்கும் பெரிய பேஸ்; அந்தக் கைவாகு கடைசிவரை போகவில்லை. கையில் 1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன் என்ற மின் பேஸ். அதன் தடித்த, வழவழப்பான கம்பிகளை அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். கம்பிகளுக்கு அடியில், அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு. அதனால் ஒவ்வொரு ஸ்வரமும் இழுக்காமல் சட்டென்று அடங்கிவிடும். என் கணிப்பில் பாதி ரகசியம் இதில்தான் இருக்கிறது. ஸ்வரம் சீக்கிரம் அடங்குவதால்தான் அவ்வளவு ஸ்வரங்களை நெருக்கிப் போட்டும் பாட்டு கலங்கலாகவில்லை. ஆதார ஸ்வரத்தையும் பஞ்சமத்தையும் மாற்றி மாற்றித் தட்டினால் போதும் என்றிருந்த இடத்தில், தாளத்துக்கு முன்னும் பின்னும் தள்ளி, இடைப்பட்ட ஸ்வரங்களைத் தொட்டு, இரண்டாவது மெட்டு ஒன்றையே ஓடவிட்டார். ஆனாலும் பாடகரின் வரியில் மோதவே மாட்டார். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியே அவரைத் தன் ஆதர்சங்களில் ஒருவர் என்று சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு செய்தவரின் பெயர் மோடவுன் ஆல்பம் ஒன்றின் அட்டையில் வந்தது 1971இல்தான், மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில். 1983இல், 47 வயதில் இறந்துபோனார். நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

அடுத்தது ஜாக்கோ பஸ்டோரியஸ். ஃபெண்டர் ஜாஸ் பேஸில் விரல் வைக்கும் பலகையின் குறுக்கே பதித்த ஃப்ரெட் எனும் உலோகக் கட்டைகளைக் கழற்றிவிட்டு, அந்தப் பலகையில் படகுக்குப் பூசும் எப்பாக்ஸி பிசினைப் பூசி வாசித்தவர். வயலினில் கமகம் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அவர் ஸ்வரங்களை வழுக்கிக்கொண்டு போவது உடனே பிடித்துவிடும். வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவில் அவர் காட்டிய வேகத்தைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ 1976இல் ஜோனி மிட்செலின் ‘ஹெஜிரா’ ஆல்பத்தில் வாசித்ததுதான் உயர்வு. அங்கே அவர் பாடகியுடன் உரையாடுகிறார்.

அப்புறம் கரோல் கே. கிட்டாரிலிருந்து பேஸுக்கு வந்தவர், விரலால் அல்லாமல், பிக் எனும் சிறு தகட்டால் கம்பியை மீட்டி வாசிப்பவர். ஒவ்வொரு ஸ்வரமும் துல்லியமாகக் காதில் விழும்.

இப்போது வரும் வீடியோக்களில் விரல் வேகத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். ஸ்வரத்தை எங்கே நிறுத்துகிறார் என்று கவனித்தாலே ஒருவர் எப்படிப்பட்ட வாசிப்பாளர் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இளையராஜா பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு பேஸின் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் எழுதிய பேஸ் வரிகளை வாயால் முனகுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவற்றில் பலவற்றை வாசித்த சசிதரனின் பெயர் தெரியும்? ராஜாவின் பேஸைப் புகழ்ந்து பதிவு போடும்போது அவர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.