90 லட்சம் என்ற கணக்கு தவறு

"இடைக்காலத்தில் திருச்சபை 90 லட்சம் பெண்களைச் சூனியக்காரிகள் என்று எரித்தது" என மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். கொடுமை நடந்தது உண்மைதான். ஆனால் காலமும் கணக்கும் தவறு.

ஐரோப்பாவில் சூனியக்காரர் வேட்டை உச்சத்தில் இருந்தது சுமார் 1560 முதல் 1630 வரை. அதாவது இடைக்காலம் முடிந்த பிறகு. கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை என்பதே இன்றைய ஆய்வாளர்கள் பலரின் மதிப்பீடு. அதில் ஆண்களும் உண்டு. 90 லட்சம் என்பது, 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் ஒருவர் தன் ஊர் வழக்குகளை ஐரோப்பா முழுமைக்கும் பெருக்கிப் போட்ட கணக்கிலிருந்து வந்தது.

தண்டித்தவையும் பெரும்பாலும் அரசு, உள்ளூர் நீதிமன்றங்கள். திருச்சபைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஸ்பெயினின் லோக்ரோன்யோவில் 1610இல் சமய விசாரணை மன்றத்தின் (இன்க்விசிஷன், மதக் கொள்கைக்கு மாறானவர்களை விசாரித்த திருச்சபை மன்றம்) தீர்ப்பால் 6 பேர் எரிக்கப்பட்டார்கள். ஆனால் அந்த வழக்கின் நீதிபதிகளில் ஒருவரான சலாசார் ஃப்ரியாஸ், அடுத்த ஆண்டே ஊர் ஊராகப் போய் 1,800 பேருக்கு மேல் விசாரித்தார். மந்திரத் தைலம் என்று சிக்கிய பானைகளை மருத்துவர்களிடம் காட்டி, விலங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் போலி. ஊரில் அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கிய பிறகுதான் சூனியக்காரர்கள் முளைத்தார்கள் என்று சலாசார் மன்றத்தின் மேலிடத்துக்கே எழுதினார். 1614இல் வந்த புதிய விதிகளுக்குப் பிறகு, அந்த மன்றம் சூனியத்துக்காக மரண தண்டனை கொடுப்பது ஏறக்குறைய நின்றே போனது.